சட்டவிரோதமாகக் குப்பை கொட்டுதலும் உள்ளூர் உத்தியோகத்தர்களின் அதிகாரங்களும்

க.பொ.த. (சாதாரண தரம்) – குடியியற் கல்வி
தொடர்புடைய பகுதிகள்: உள்ளூராட்சி, சட்டத்தின் ஆட்சி, சுற்றாடல் பாதுகாப்பு



"பொது இடத்தில் குப்பை கொட்டும் ஒருவருக்கு எதிராக உள்ளூர் மட்டத்தில் எடுக்கக்கூடிய சட்ட நடவடிக்கைகள் யாவை?" என்று வினவினால், உங்களிற் பெரும்பாலானோர் எழுதும் விடை ஒரே வரியில் முடிந்துவிடுகிறது: "பி.எச்.ஐ. வந்து தண்டம் அடிப்பார்." இவ்விடைக்கு முழுப்புள்ளி கிடைக்காது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வருவார் என்பது சரி. அவர் தண்டம் விதிப்பார் என்பது பிழை. தண்டம் விதிப்பவர் நீதவான்.

இந்த விடயத்தில் முழு அதிகாரமும் எந்தவொரு உத்தியோகத்தரிடமும் இல்லை. வளவுக்குள் சென்று பார்வையிடுபவர் ஒருவர், அறிவித்தல் கொடுப்பவர் ஒருவர், கைது செய்பவர் வேறொருவர், குற்றவாளி எனத் தீர்ப்பளிப்பவர் இன்னொருவர். சங்கிலி போன்ற இவ்வமைப்பில் ஒரு கண்ணி விடுபட்டாலும் வழக்கு நிற்காது. யாரிடம் எந்த அதிகாரம் உள்ளது, அது எந்தச் சட்டத்திலிருந்து வருகிறது, எங்கே முடிகிறது என்பவற்றை இப்பாடத்தில் நோக்குவோம்.

1. குடாநாட்டுக்கு இது ஏன் பெரிய பிரச்சினை?

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. வழுக்கியாறும் மாரியில் மட்டுமே ஓடும். நாம் குடிப்பதும் குளிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் பெரும்பாலும் நிலத்தடி நீரே. அந்நீர் தங்கியிருப்பது சுண்ணக்கற் பாறையில். சுண்ணக்கல்லில் வெடிப்புகளும் பொந்துகளும் உள்ளமையால், மேலே விழும் அழுக்கு மண்ணால் நன்கு வடிகட்டப்படாமலே கீழே இறங்கிவிடும். வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் ஆகிய நான்கு பகுதிகளிலும் உள்ள நீர்த்தேக்கங்கள் யாவும் மழைநீரால் மட்டும் நிரம்புபவை.

இப்போது ஒரு பாழ்ங்கிணற்றையோ கல் அகழ்ந்து விட்ட கிடங்கையோ எண்ணிப் பாருங்கள். "சும்மா கிடக்கிற குழிதானே" என்று அதற்குள் கோழிக்கழிவைக் கொட்டினால் அது நேரே அயலவரின் குடிநீருடன் கலக்கும் வழி. மலைநாட்டிலோ கொழும்பிலோ குப்பை கண்ணுக்கு முன்னே மலையாகக் குவியும். இங்கே அது கண்ணுக்குத் தெரியாமல் கிணற்றுக்குள் போய்ச் சேரும்.

நிலத்தடி நீர் மாசடைந்தால் என்ன நடக்கும் என்பதற்குச் சுன்னாகம் எடுத்துக்காட்டு. அங்குள்ள மின் உற்பத்தி நிலையத்தின் சூழலிலிருந்த கிணறுகளில் எண்ணெய் கலந்தமை தொடர்பான அடிப்படை உரிமை வழக்கில், 2019 ஏப்ரல் 4 ஆம் திகதி உயர் நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. பாதிக்கப்பட்ட மக்களுக்காக நொதேர்ன் பவர் நிறுவனம் 2 கோடி ரூபா நட்டஈடு செலுத்த வேண்டும் எனக் கட்டளையிடப்பட்டது. மாசுபடுத்தியவரே செலவைச் செலுத்த வேண்டும் என்ற கோட்பாட்டுக்கு உதாரணமாக இவ்வழக்கை விடையில் எழுதலாம். இது வீட்டுக் குப்பை பற்றிய வழக்கு அன்று. ஆனாலும் கிணற்று நீர் ஒருமுறை கெட்டால் அதைத் திருத்துவதற்கு எவ்வளவு காலமும் பணமும் வேண்டும் என்பதை அது காட்டுகிறது.

2. பிரதேச சபை: முதலில் கடமை, பின்னரே அதிகாரம்

யாழ்ப்பாண மாவட்டத்தில் 1 மாநகர சபை, 3 நகர சபைகள், 13 பிரதேச சபைகள் என மொத்தம் 17 உள்ளூராட்சி மன்றங்கள் உள்ளன. நெல்லியடிக்குரியது வடமராட்சி தெற்கு மேற்குப் பிரதேச சபை. இதனைக் கரவெட்டிப் பிரதேச சபை என்றும் பேச்சில் கூறுவர். பருத்தித்துறை, வல்வெட்டித்துறை ஆகிய நகர சபைகளுடன் இதனைச் சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பிரதேச சபைகள் 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்குகின்றன. குப்பை தொடர்பாக இச்சட்டத்தின் 93, 94, 95 ஆம் பிரிவுகள் முக்கியமானவை.

93 ஆம் பிரிவு சபைக்குக் கடமை விதிக்கிறது. வீதிகளைக் கூட்டித் துப்புரவு செய்தல், வீட்டுக் குப்பையை உரிய கால இடைவெளியில் அகற்றுதல், அவ்வாறு சேர்ந்தவற்றை முறையாகக் கழித்தல் என்பன அக்கடமையில் அடங்கும். 94 ஆம் பிரிவின்படி சபை சேகரித்த குப்பை சபையின் சொத்தாகிறது. அதை விற்கவும் வேறு விதமாகக் கையாளவும் சபைக்கு உரிமை உண்டு. (சபைகள் சேதனப் பசளை தயாரித்து விற்பது இந்த உரிமையின் பேரிலேயே. குப்பைக்கும் சொந்தக்காரர் உண்டு என்று சொன்னால் வகுப்பில் எப்போதும் ஒரு சிரிப்பு எழும். ஆனாலும் சட்டம் அதுதான்.) குப்பையைக் கழிப்பதற்கு வசதியான இடங்களை ஒழுங்கு செய்ய வேண்டும் என்பதை 95 ஆம் பிரிவு கூறுகிறது. மாநகர சபைகள் கட்டளைச் சட்டத்தில் 129 முதல் 131 வரையும், நகர சபைகள் கட்டளைச் சட்டத்தில் 118 முதல் 120 வரையும் உள்ள பிரிவுகள் இவற்றுக்கு ஒத்தவை.

கடமையை முதலிற் படிப்பதற்குக் காரணம் உண்டு. "குறித்த இடம் தவிர்ந்த வேறிடத்தில் கொட்டினாய்" என்று ஒருவர் மீது குற்றஞ் சாட்டினால், "குறித்த இடம் எது? எங்கள் ஒழுங்கைக்குச் சபையின் உழவு இயந்திரம் எந்த நாளில் வருகிறது?" என்று அவர் திருப்பிக் கேட்பார். அதற்குச் சபையிடம் பதில் இருக்க வேண்டும். தன் கடமையைச் செய்யாத சபையின் அதிகாரம் நீதிமன்றத்தில் வலுவிழந்து நிற்கும். கொழும்புக்கு அண்மையில் மீதொட்டமுல்லையில் 2017 ஏப்ரல் 14 ஆம் திகதி சரிந்து, 30 இற்கு மேற்பட்டோரின் உயிரைப் பறித்த குப்பை மேடு, தனியார் எவரும் களவாகக் கொட்டி உருவானதன்று. உள்ளூராட்சி மன்றத்தின் குப்பை நாளாந்தம் சென்று சேர்ந்த இடம் அது.

சபைக்குரிய மற்றோர் அதிகாரம் உபவிதி இயற்றுதல். பாராளுமன்றம் சட்டம் இயற்றுவது போல, சபை தன் எல்லைக்குள் செல்லுபடியாகும் சிறுவிதிகளை இயற்றலாம். கடைகளின் கழிவு, சந்தைக் கழிவு, இறைச்சிக் கடைக் கழிவு ஆகியவை பற்றி விதி செய்யலாம். எனினும் சபை கூடித் தீர்மானம் நிறைவேற்றியவுடன் அது சட்டமாகிவிடாது. உரிய அங்கீகாரம் பெற்று வர்த்தமானியில் வெளிவந்த பின்பே நடைமுறைக்கு வரும். 13 ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின்படி உள்ளூராட்சி மாகாணசபைப் பட்டியலில் உள்ள விடயம் என்பதையும் இங்கே நினைவிற் கொள்க.

ஒரு சந்தேகம் எழலாம். 2023 மார்ச்சில் சபைகளின் பதவிக்காலம் முடிவடைந்து, 2025 மே 6 ஆம் திகதி தேர்தல் நடைபெறும் வரை பிரதேச சபைகளில் தெரிவு செய்யப்பட்ட உறுப்பினர்கள் இருக்கவில்லை. அக்காலத்தில் இந்த அதிகாரங்கள் இல்லாமற் போனதா? இல்லை. அதிகாரம் உறுப்பினர்களின் தனிப்பட்ட சொத்தன்று. அது சபை என்ற சட்ட அமைப்புக்குரியது. செயலாளர்களின் நிருவாகத்தில் அது தொடர்ந்தது.

சபையின் உத்தியோகத்தர் ஒருவர் நடைமுறையில் செய்யக்கூடியவை: இடத்தைப் பார்வையிட்டுக் குறிப்பு எடுத்தல், குப்பையை அகற்றுமாறு எழுத்தில் அறிவித்தல் வழங்குதல், வியாபார உரிமத்தின் நிபந்தனையை மீறிய கடைக்கு எதிராக நடவடிக்கைக்கு விதந்துரைத்தல், சபையின் சார்பில் நீதவான் நீதிமன்றத்தில் வழக்குத் தாக்கல் செய்தல். அவர் ஒருவரைக் கைது செய்து சபைக் கட்டடத்தில் தடுத்து வைக்க முடியாது.

3. பொதுச் சுகாதாரப் பரிசோதகர்

இவர் பிரதேச சபையின் ஊழியர் என்றே பலர் எண்ணுகின்றனர். பிரதேச சபைப் பகுதிகளில் இவர் சுகாதார வைத்திய அதிகாரியின் கீழ், சுகாதாரத் திணைக்களத்தைச் சேர்ந்தவராகப் பணியாற்றுகிறார். மாநகர சபைகளில் மட்டும் சபையின் சொந்தப் பரிசோதகர்கள் உள்ளனர். சபையும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையும் சேர்ந்து வேலை செய்யாவிட்டால் ஒரு முறைப்பாடு இரண்டு அலுவலகங்களுக்கிடையே அலைவதற்கு இதுவே காரணம்.

இவருடைய பலம் ஒரே சட்டத்திலிருந்து வருவதன்று. 1862 ஆம் ஆண்டின் தொல்லைகள் கட்டளைச் சட்டம், 1897 ஆம் ஆண்டின் தொற்றுநோய்த் தடுப்புக் கட்டளைச் சட்டம், 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டம், 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க நுளம்பு பெருகுதலைத் தடுத்தல் சட்டம் எனப் பல சட்டங்களின் கீழ் இவருக்குப் பணிகள் உண்டு. ஆங்கிலேயர் காலத்துச் சட்டமும் அண்மைக் காலச் சட்டமும் ஒரே உத்தியோகத்தரின் கைப்பையில் உள்ளன எனலாம்.

இவற்றுள் 2007 ஆம் ஆண்டுச் சட்டத்தை நன்கு படியுங்கள். வீதியில் கொட்டினால்தான் குற்றம் என்ற எண்ணத்தை அது மாற்றுகிறது. வளவின் உரிமையாளரோ அங்கு குடியிருப்பவரோ நீர் தேங்கக்கூடிய தகரங்கள், போத்தல்கள், சிரட்டைகள், பாவித்த டயர்கள் முதலியவற்றை அகற்றி அழிக்க வேண்டும். கிணற்றை நுளம்பு புகாதவாறு பேண வேண்டும். செயற்கைத் தடாகங்களை வாரத்துக்கு ஒருமுறையாவது வெறுமையாக்க வேண்டும். எனவே உங்கள் சொந்தக் காணியின் பின்மூலையில் நீங்கள் குவித்த சிரட்டையும் சட்டத்துக்கு உட்பட்டதே. அதிகாரமளிக்கப்பட்ட உத்தியோகத்தர் வளவுக்குள் நுழைந்து பார்வையிடலாம். டெங்கு பரவும் மாரி காலத்தில் இவர்கள் வீடு வீடாக வருவது இதன் அடிப்படையிலேயே. வெளிநாட்டில் வசிப்போரின் பூட்டிய வீடுகளும் பற்றைக் காணிகளும் எமது பகுதியில் ஏராளம். உரிமையாளர் இங்கு இல்லை என்பது பொறுப்பிலிருந்து விடுபட ஒரு காரணமாகாது.

பரிசோதகர் பொதுவாகப் பின்பற்றும் ஒழுங்கு இது: பார்வையிடுவார், ஆலோசனை கூறுவார், திருத்துவதற்குக் காலக்கெடு குறித்து அறிவித்தல் கொடுப்பார், மீண்டும் வந்து பார்ப்பார், திருத்தப்படாவிடின் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுப்பார். ஆபத்து உடனடியானதாக இருந்தால் நேரே நீதிமன்றம் செல்வதும் உண்டு. உணவகக் கழிவு, கெட்ட உணவு சம்பந்தப்பட்டால் உணவுச் சட்டமும் சேர்ந்து கொள்ளும்.

4. பொலிஸாரும் கிராம அலுவலரும்

கைது செய்யும் அதிகாரம் பொலிஸாருக்கு உரியது. ஆனால் அதற்கும் எல்லை உண்டு. எந்தக் குற்றத்துக்குப் பிடியாணை இன்றிக் கைது செய்யலாம், எதற்குப் பிடியாணை வேண்டும் என்பதை 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையும் அதன் அட்டவணையும் வரையறுக்கின்றன. பிடியாணை இன்றிக் கைது செய்ய முடியாத குற்றமாயினும், குற்றஞ் சாட்டப்பட்டவர் தமது பெயரையும் வசிப்பிடத்தையும் கூற மறுத்தால் அல்லது பொய்யாகக் கூறினால் சமாதான உத்தியோகத்தர் அவரைக் கைது செய்யலாம். குப்பை கொட்டும்போது பிடிபட்டவர் "நான் யாரென்று உனக்கேன்?" என்று வாதாடுவது அவருக்கே பாதகமாக முடியும். பிடியாணை இன்றிக் கைதானவரைப் பயண நேரம் தவிர்த்து 24 மணித்தியாலத்துக்கு மேல் தடுத்து வைக்க முடியாது. அதற்குள் நீதவான் முன் கொண்டு செல்ல வேண்டும்.

இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையில் 261 ஆம் பிரிவு பொதுத்தொல்லையை வரைவிலக்கணப்படுத்துகிறது. பொதுமக்களுக்கோ அயலில் வசிப்போருக்கோ பொதுவான கேடு, ஆபத்து அல்லது தொந்தரவு விளைவிக்கும் செயலும், சட்டவிரோதமாகச் செய்யாமல் விடுதலும் பொதுத்தொல்லையாகும். "செய்யாமல் விடுதல்" என்ற சொற்களை அடிக்கோடிடுங்கள். நோய் பரவக்கூடிய விதத்தில் கவலையீனமாக நடந்துகொள்வது 262 ஆம் பிரிவில் தனிக் குற்றமாகக் கூறப்பட்டுள்ளது.

கிராம அலுவலரின் நிலை வேறு. பொலிஸ் கடமைகளைச் செய்வதற்கு எழுத்தில் நியமிக்கப்பட்டிருந்தால் அவரும் சட்டக்கோவையின்படி சமாதான உத்தியோகத்தர் ஆவார். ஆனால் இவ்விடயத்தில் அவரால் கிடைக்கும் பெரிய உதவி தகவலே. காணி யாருடையது, உரிமையாளர் எங்கே, அந்தப் பாழ்ங்கிணறு எந்த வளவுக்குரியது என்பவற்றை அறிந்தவர் அவர்.

5. மத்திய சுற்றாடல் அதிகாரசபை

1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்ட நிறுவனம் இது. இச்சட்டத்தின் 12 ஆம் பிரிவின்படி, சுற்றாடலைப் பாதுகாக்கத் தேவையான பணிப்புரைகளை அமைச்சரின் இணக்கத்துடன் உள்ளூராட்சி மன்றத்துக்கே வழங்கலாம். சபை பொதுமக்களைக் கண்காணிக்கிறது, சபையைக் கண்காணிக்கவும் ஒருவர் உண்டு.

2009 நவம்பரில் இச்சட்டத்தின் கீழ் மாநகரத் திண்மக்கழிவு தொடர்பான ஒழுங்குவிதிகள் வர்த்தமானியில் வெளிவந்தன. தேசிய பெருந்தெருக்களின் ஓரங்களிலும், உள்ளூராட்சி மன்றம் குறித்தொதுக்கிய இடம் தவிர்ந்த வேறெந்த இடத்திலும் திண்மக்கழிவு கொட்டுவதை அவை தடை செய்கின்றன. "மாநகர" என்ற சொல்லைப் பார்த்து இது யாழ்ப்பாண நகரத்துக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். வீடு, கடை, சந்தை ஆகியவற்றின் பொதுவான குப்பையைக் குறிக்கும் துறைச்சொல் அது. 2017 செப்டெம்பர் 1 ஆம் திகதி முதல் பொலித்தீன் பொருட்கள் சிலவற்றுடன், பிளாஸ்ரிக் உட்படக் குப்பையைத் திறந்த வெளியில் எரிப்பதும் தடை செய்யப்பட்டது. கொட்டினால்தானே பிரச்சினை, எரித்துவிடலாம் என்போருக்கும் இதுவே பதில்.

மாசு குறைந்த சிறு கைத்தொழில்களுக்கான சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரத்தை வழங்கும் பொறுப்பு உள்ளூராட்சி மன்றங்களுக்கு ஒப்படைக்கப்பட்டுள்ளது. நிபந்தனையை மீறினால் அனுமதிப்பத்திரத்தை இடைநிறுத்தவோ இரத்துச் செய்யவோ முடியும். சிறு தண்டப்பணத்துக்கு அஞ்சாத உரிமையாளர்களும் இதற்கு அஞ்சுவர்.

6. நீதவான்

பருத்தித்துறையிலோ மல்லாகத்திலோ உள்ள நீதவான் நீதிமன்றத்துக்கு ஒரு விடயம் இரண்டு பாதைகளில் செல்லலாம். இவ்வேறுபாட்டை விளங்கிக்கொண்டால் இப்பாடத்தில் பாதி முடிந்துவிடும்.

முதலாவது, தண்டிக்கும் பாதை. பொலிஸ் உத்தியோகத்தரோ பகிரங்க சேவையாளரோ உள்ளூராட்சி ஊழியரோ எழுத்துமூல அறிக்கை சமர்ப்பித்து வழக்கை ஆரம்பிப்பர். எதிரி குற்றத்தை ஏற்றால் அல்லது சாட்சியத்தால் நிரூபிக்கப்பட்டால் தண்டப்பணமோ சட்டம் அனுமதித்த வேறு தண்டனையோ விதிக்கப்படும்.

இரண்டாவது, தொல்லையை நீக்கும் பாதை. குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98 ஆம் பிரிவின் கீழ், தகவலோ அறிக்கையோ கிடைத்ததும் நீதவான் நிபந்தனைக் கட்டளை ஒன்றைப் பிறப்பிக்கலாம். "இத்தனை நாட்களுக்குள் இதனை அகற்று, அல்லது நீதிமன்றில் தோன்றி ஏன் அகற்றக்கூடாது எனக் காரணங்காட்டு" என்பதே அதன் சாரம். தோன்றாமலும் அகற்றாமலும் விட்டால் கட்டளை முடிவானதாகும். அதற்குப் பின்னும் கீழ்ப்படியாவிட்டால் தொல்லையை வேறாட்களைக் கொண்டு நீக்குவித்து, செலவை அவரிடமிருந்தே அறவிடலாம். மிக அவசரமான நிலையில் உடனடிக் கட்டளை பிறப்பிக்கவும் நீதவானுக்கு அதிகாரம் உண்டு.

எனது அபிப்பிராயத்தில் எமது பகுதிக்கு இரண்டாம் பாதையே அதிகம் பயன்படும். பழைய சட்டங்களில் உள்ள தண்டப்பணங்கள் அவை இயற்றப்பட்ட காலத்துக்கு ஏற்ற சிறு தொகைகள். அதைக் கட்டிவிட்டு அடுத்த கிழமையும் கொட்டுவதற்குச் சிலர் தயங்கமாட்டார்கள். ஆனால் கிணற்றைத் தோண்டி, கழிவை அள்ளி, நீரை இறைத்துச் சுத்தம் செய்யும் செலவு அவர் தலையில் விழுமென்றால் யோசிப்பர்.

7. ஒரு மாதிரிச் சம்பவம்

(இது விளக்கத்துக்காக அமைக்கப்பட்ட கற்பனைச் சம்பவம்.)

நெல்லியடியை அண்டிய ஓர் ஒழுங்கையில் ஆளில்லாத வளவு ஒன்று. அதனுள் கட்டு இடிந்த பாழ்ங்கிணறு. இரவு பத்து மணியளவில் உழவு இயந்திரம் ஒன்று வந்து கோழிக்கழிவு நிரம்பிய உரைப்பைகளைக் கிணற்றுக்குள் கொட்டிவிட்டுப் போகிறது. அயல்வீட்டு மூதாட்டி சத்தங் கேட்டு வெளியே வந்து, பெட்டியின் பின்னால் எழுதியிருந்த இலக்கத்தைப் பேத்தியைக் கொண்டு குறிக்கச் செய்கிறார். மறுநாட் காலை என்ன நடக்க வேண்டும்?

அயலவர்கள் சபைக்கும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கும் எழுத்தில் முறைப்பாடு கொடுக்க வேண்டும். வாய்முறைப்பாடு மறந்துபோகும், எழுத்துக்குத் திகதியும் பதிவிலக்கமும் உண்டு. பரிசோதகர் வந்து இடத்தைப் பார்வையிட்டு, புகைப்படம் எடுத்து, பைகளுக்குள் இருக்கும் பற்றுச்சீட்டு, பெயர்த்துண்டு போன்றவற்றைச் சான்றாக எடுத்து வைப்பார். அயற்கிணறுகளின் நீர் பரிசோதனைக்கு அனுப்பப்படும். கிராம அலுவலர் காணி உரிமையாளரின் விபரத்தைத் தருவார். வாகன இலக்கத்தைக் கொண்டு உரிமையாளரைக் கண்டறிவது நெல்லியடிப் பொலிஸாரின் வேலை.

இங்கே மாணவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. குற்றவாளி யார்? கொட்டிய சாரதியா, கழிவை அனுப்பிய கடைக்காரரா, காணிக்காரரா? மூவரின் பொறுப்பும் வெவ்வேறு. கொட்டியவர் நேரடியாகக் குற்றம் புரிந்தவர். கடைக்காரர் அவ்வாறு செய்யுமாறு ஏவியது நிரூபிக்கப்பட்டால் அவரும் பொறுப்பாளி. அத்துடன் அவரது வியாபார உரிமமும் கேள்விக்குள்ளாகும். காணிக்காரர் கொட்டவில்லை. எனினும் தொல்லை அவரது காணியில் இருப்பதால், கிணற்றை மூடிப் பாதுகாக்குமாறு அவருக்கும் கட்டளை போகலாம்.

பின்னர் சபையோ பரிசோதகரோ பொலிஸாரோ பருத்தித்துறை நீதவான் நீதிமன்றத்தில் அறிக்கை சமர்ப்பிப்பர். தண்டனைக்கான வழக்கும் 98 ஆம் பிரிவின் கீழான கட்டளையும் தனித்தனியே நடைபெறலாம். மூதாட்டியும் பேத்தியும் சாட்சி சொல்ல வேண்டி வரும். பல முறைப்பாடுகள் இந்தக் கட்டத்தில்தான் கைவிடப்படுகின்றன. தெரிந்தவரின் கடை, ஒரே ஊர், நாளைக்கு முகத்தில் முழிக்க வேண்டும் என்று சாட்சிகள் பின்வாங்கினால், எத்தனை சட்டம் இருந்தும் உத்தியோகத்தரின் கையில் எதுவும் இல்லை.

8. உத்தியோகத்தர் செய்யக்கூடாதவை

அரசியலமைப்பின் 13(1) ஆம் உறுப்புரையின்படி சட்டத்தால் விதிக்கப்பட்ட நடைமுறைக்கு அமையவன்றி எவரையும் கைது செய்ய முடியாது. 13(5) இன்படி குற்றவாளி என நிரூபிக்கப்படும் வரை ஒருவர் நிரபராதியாகவே கருதப்படுவார். 12(1) இன்படி சட்டத்தின் முன் யாவரும் சமமானவர்கள். பெரிய கடையின் கழிவைக் காணாதவர் போல் இருந்துவிட்டு நடைபாதை வியாபாரிக்கு மட்டும் வழக்குப் போடுவது சமத்துவம் ஆகாது.

"இப்போதே ஐயாயிரம் தா, வழக்கு வேண்டாம்" என்று ஓர் உத்தியோகத்தர் வாங்கினால் அது தண்டப்பணம் அன்று, இலஞ்சம். 2023 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டத்தின் கீழ் அது குற்றம். கொடுப்பவரும் தப்ப முடியாது. மறுபுறம், சட்டப்படி கடமை செய்யும் உத்தியோகத்தரை வேண்டுமென்றே தடுப்பது தண்டனைச் சட்டக்கோவையின் 183 ஆம் பிரிவின் கீழ்க் குற்றமாகும். பலாத்காரம் பிரயோகித்தால் 344 ஆம் பிரிவு பொருந்தும்.

உங்கள் சபை எந்த இடத்தைக் குப்பை கொட்டுவதற்குக் குறித்துள்ளது, ஒழுங்கைக்கு எந்நாளில் வாகனம் வரும் என்பவற்றை 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேட்கலாம்.

9. பிற நாடுகளில்

ஒப்பிட்டு எழுதச் சொன்னால் மட்டும் இப்பகுதி தேவைப்படும். இங்கிலாந்தில் 2016 முதல் உள்ளூர் மன்ற உத்தியோகத்தர்கள் சட்டவிரோதமாகக் குப்பை கொட்டியவருக்கு நிலைத்த தண்டச்சீட்டு வழங்கலாம். அதன் உச்ச வரம்பு முதலில் 400 பவுண், 2023 இல் 1000 பவுணாக உயர்த்தப்பட்டது. இந்தியாவின் திண்மக்கழிவு விதிகளின் வழியில் சென்னை மாநகராட்சி அந்த இடத்திலேயே அபராதம் அறவிடுகிறது. சிங்கப்பூரில் 1992 முதல், குப்பை வீசியவரைப் பொது இடத்தைத் துப்புரவு செய்யுமாறு நீதிமன்றம் பணிக்கலாம். நாம் மேலே படித்த இலங்கைச் சட்டங்களில் தண்டனை நீதவான் ஊடாகவே வருகிறது. இதனால் தாமதம் ஏற்படுவது உண்மை. ஆனால் குற்றஞ் சாட்டுபவரும் தண்டிப்பவரும் ஒருவராக இல்லை என்ற பாதுகாப்பும் உண்டு. இரண்டையும் குறிப்பிட்டால் விடை நிறைவுபெறும்.

10. பயிற்சி வினாக்கள்

(1) பிரதேச சபைச் சட்டத்தின் 93 ஆம் பிரிவு சபைக்கு விதிக்கும் கடமைகள் மூன்றினைத் தருக.

(2) பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் அதிகாரங்கள் இரண்டையும் அவருக்கு இல்லாத அதிகாரம் ஒன்றையும் எழுதுக.

மாதிரி விடை: சட்டத்தில் கூறப்பட்டவாறு வளவுக்குள் நுழைந்து பார்வையிடலாம். தொல்லையை நீக்குமாறு காலக்கெடுவுடன் அறிவித்தல் வழங்கி, திருத்தப்படாவிடின் நீதவான் நீதிமன்றில் வழக்குத் தொடரலாம். தாமாகவே தண்டப்பணம் விதித்து அறவிட முடியாது.

(3) தண்டிக்கும் வழக்குக்கும் 98 ஆம் பிரிவின் கீழான நிபந்தனைக் கட்டளைக்கும் இடையிலான வேறுபாட்டை உதாரணத்துடன் விளக்குக.

(4) "சொந்தக் காணியில் எதையும் குவிக்க எனக்கு உரிமை உண்டு." இக்கூற்றை 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டத்தின் துணையுடன் ஆராய்க.

(5) ஓர் ஒழுங்கைக்குச் சபையின் குப்பை வண்டி இரண்டு மாதமாக வரவில்லை. அங்கு வசிக்கும் ஒருவர் வீட்டுக் குப்பையைப் பெருந்தெரு ஓரத்தில் கொட்டி அகப்படுகிறார். சபையின் நிலை யாது? அவரது நிலை யாது?

குறிப்பு: ஒரு பக்கத்தை மட்டும் எழுதினால் அரைப்புள்ளியே கிடைக்கும். 93 ஆம் பிரிவின் கடமையையும் 2009 ஆம் ஆண்டு ஒழுங்குவிதியின் தடையையும் அருகருகே வைத்து எழுதுக. சபையின் தவறு அவரது செயலைச் சட்டபூர்வமாக்குமா என்பதற்கு விடை தேடுக. முறைப்பாடு செய்தல், தகவல் கோருதல் ஆகிய வழிகள் அவருக்குத் திறந்திருந்தனவா என்பதையும் சேர்த்துக்கொள்க.